கேம் கன்சோல் வாங்குமுன்: ஊருக்கு ஊர் மாறும் விலையும் முதல் தள்ளுபடியும்

பாலக்கோட்டிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, துபாயில் பிளேஸ்டேஷன் எட்டாயிரம் ரூபாய் குறைவாம். சித்தப்பா அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். வாங்கிவரச் சொல்லட்டுமா?" இரண்டு நாள் கழித்து மறுபடியும் அவனே: "ஜப்பானில் இன்னும் குறைவாம் மாமா." ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது போன்: "பெங்களூரில் பில் இல்லாமல் வாங்கினால் நாலாயிரம் குறைத்துத் தருகிறார்களாம்."

மூன்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: கணக்குப் போட்டுப் பார். எப்படிப் போடுவது என்று கேட்டான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது.

இடம் மாறினால் விலை மாறும் என்பதை நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக்கு விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறியதும் வேறு விலை. பெங்களூரா மாங்காய்க்குத் தோட்டத்தில் ஒரு விலை, கூழ் ஆலை வாசலில் இன்னொரு விலை. ஆனால் தக்காளிக் கணக்கை, பிளேஸ்டேஷன் போல டிவியில் இணைத்து விளையாடும் கன்சோலுக்கு அப்படியே போட முடியாது. கன்சோல் வரத்து அதிகமானால் தானாக மலிவதில்லை. அதன் விலையை நிறுவனம் நாடு நாடாக நிர்ணயிக்கிறது. அதன் மேல் அந்தந்த நாட்டு வரி ஏறுகிறது. நடுவில் டாலருக்கும் யென்னுக்கும் ரூபாய்க்கும் உள்ள மாற்று விகிதம் ஆடிக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டு விலையைப் பார்க்கும்போது இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: எந்தக் கன்சோல் என்பதை முடிவு செய்யுங்கள்

விலைக்கு முன்னால் இதைத்தான் தீர்மானிக்க வேண்டும். ஏனென்றால் பிளேஸ்டேஷன் விற்கும் சோனி, எக்ஸ்பாக்ஸ் விற்கும் மைக்ரோசாஃப்ட், ஸ்விட்ச் விற்கும் நிண்டெண்டோ ஆகிய மூன்று நிறுவனங்களும் இந்தியாவை மூன்று விதமாக நடத்துகின்றன.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டும் 2020 நவம்பர் 10 அன்று, மற்ற நாடுகளில் வெளியான அதே நாளில் இங்கும் வந்தன. சீரிஸ் எக்ஸ் 49,990 ரூபாய், சீரிஸ் எஸ் 34,990 ரூபாய். பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பர் 12 அன்று வெளியானது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது 2021 பிப்ரவரி 2 அன்றுதான். விளையாட்டு டிஸ்கைப் போட்டு ஆடும் டிஸ்க் மாடல் 49,990, இணையத்தில் இறக்கி மட்டுமே ஆடும் டிஜிட்டல் மாடல் 39,990. நடுவே இருந்த அந்த இரண்டரை மாதத்தில் வெளிநாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து விற்றவர்கள் வைத்ததுதான் விலை. நிண்டெண்டோவுக்கோ இங்கு நேரடி விற்பனையே கிடையாது. நீங்கள் கடையில் பார்க்கும் ஸ்விட்ச் எல்லாம் யாரோ ஒருவர் வேறொரு நாட்டிலிருந்து எடுத்துவந்தது.

அதனால் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி "வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது லாபமா?" என்பது. நிண்டெண்டோ வாங்குகிறவருக்கு அந்தக் கேள்வியே இல்லை. எந்த நாட்டுச் சரக்கு என்பதை மட்டும்தான் அவர் பார்க்க வேண்டும். இதில் தவறினால் நஷ்டம் பெரிது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிளேஸ்டேஷன் 5 புரோ தனி வகை. 2024 நவம்பர் 7 அன்று 699.99 டாலருக்கு வெளியானபோது அது இந்தியாவுக்கு வரவில்லை. அதிலுள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கு அனுமதி இல்லை என்பதே சோனி சொன்ன காரணம். ஒரு பொருள் நம் நாட்டுக் கடையில் இல்லாமல் போவதற்கு விலையைத் தவிர வேறு காரணங்களும் உண்டு.

இரண்டாம் படி: வெளிநாட்டு விலையை வீட்டு வாசல் விலையாக மாற்றுங்கள்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். டாலர் விலையை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துவிட்டு "பதின்மூன்றாயிரம் ஏமாற்றுகிறார்கள்" என்று கொதிப்பார்கள்.

2021 பிப்ரவரிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் டிஸ்க் மாடல் 499.99 டாலர். டாலர் அப்போது ஏறக்குறைய 73 ரூபாய். பெருக்கினால் 36,500. இங்கே 49,990. பார்த்தவுடன் வயிறு எரியும்தான். ஆனால் அந்த 36,500 ரூபாய்ப் பொருள் துறைமுகத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கன்சோலுக்கு அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம்: 7,300 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி: 730. இதுவரை 44,530. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி: சுமார் 8,015. கூட்டினால் 52,545 ரூபாய். நிறுவனம் சில்லறை விலையின் மேல் வரி கட்டுவதில்லை, அதைவிடக் குறைந்த இறக்குமதி மதிப்பின் மேல்தான் கட்டுகிறது. கப்பல் கூலி, விநியோகஸ்தர் பங்கு, கடைக்காரர் பங்கு எல்லாம் அந்த இடைவெளியில் அடங்குகின்றன. ஆக 49,990 என்பது கொள்ளை விலை அல்ல. வரியைச் சேர்த்தால் அமெரிக்க விலைக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

இன்னொன்று, அமெரிக்கக் கடை விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. கலிபோர்னியாவில் அடிப்படை விகிதமே 7.25 சதவீதம், ஒரேகான் மாநிலத்தில் வரியே இல்லை. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அட்டையில் எழுதியிருப்பது வரி சேர்ந்த விலை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட் வரி 5 சதவீதம்தான். துபாய் விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே இரண்டு நாட்டு விலையை ஒப்பிடும்போது இரண்டிலும் வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாங்காய் லோடை லாரியோடு சேர்த்து எடை போட்டுவிட்டு, வெறும் மாங்காயின் எடையோடு ஒப்பிடுகிறவர் யாரும் இல்லை அல்லவா?

இப்போது அதே கணக்கை 2025-க்குக் கொண்டுவாருங்கள். சோனி 2025 ஆகஸ்ட் 21 முதல் அமெரிக்காவில் டிஸ்க் மாடலை 549.99 டாலராக உயர்த்தியது. ரூபாயும் சரிந்திருந்தது. டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் 48,400, கலிபோர்னியா வரியைச் சேர்த்தால் 51,900. அப்போதைய இந்திய விலை 54,990. இடைவெளி மூவாயிரம் ரூபாய்தான். அதற்காக ஓராண்டு உத்தரவாதத்தை விட்டுக்கொடுத்து, ஒருவருடைய பெட்டியில் ஐந்து கிலோ இடத்தை அடைத்து, அவரைச் சுங்க மேசை முன்னால் நிற்க வைக்க வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். "அமெரிக்காவில் மலிவு" என்பது சில ஆண்டுகளுக்கு முந்தைய உண்மை. அது இன்னும் பேச்சில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊருக்கு வருகிறவரின் பெட்டியில் வரும் பொருளுக்கும் வரம்பு உண்டு. 2026 பிப்ரவரி வரை நடப்பிலிருந்த 2016-ம் ஆண்டு பேக்கேஜ் விதிகள், வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியருக்கு 50,000 ரூபாய் மதிப்பு வரை விலக்கு அளித்தன. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 38.5 சதவீத வரி இருந்தது. இந்த வரம்பும் விகிதமும் திருத்தப்படக் கூடியவை. ஆகையால் புறப்படும் முன் சுங்கத்துறையின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறக்கக் கூடாத இரண்டு விஷயங்கள். விலக்கு என்பது அவர் கொண்டுவரும் வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், கன்சோல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். மனைவியின் வரம்பையும் தன் வரம்பையும் கூட்டி ஒரே பொருளுக்குக் காட்டவும் முடியாது. லேப்டாப் ஒன்றுக்குத் தனி விலக்கு இருக்கிறது என்பது சரி, ஆனால் கன்சோல் லேப்டாப் அல்ல.

ஜப்பான் விலை என்னும் பொறி

ஓசூர் தொழிற்சாலைகளிலிருந்து பயிற்சிக்கு ஜப்பான் போய்வருகிறவர்கள் நம் பக்கம் உண்டு. அவர்களிடம் சொல்லிவிட நினைப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவும்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 அன்று வெளியானது. அமெரிக்க விலை 449.99 டாலர். ஜப்பானில் 49,980 யென். யென்னுக்கு அறுபது காசு என்று வைத்தால் முப்பதாயிரம் ரூபாய்க்குள் வருகிறது. அமெரிக்க விலையோ அன்றைய மாற்றில் 38,700. எட்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம். ஆனால் அந்த 49,980 யென் மாடலில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும். நாடு ஜப்பான் என்று பதிவு செய்த நிண்டெண்டோ கணக்கை மட்டும்தான் அது ஏற்கும். எல்லா மொழிகளும் உள்ள மாடலை ஜப்பானில் நிண்டெண்டோ தன் சொந்த இணையக் கடையில் 69,980 யென்னுக்கு விற்றது. அதாவது சுமார் 42,000 ரூபாய். அமெரிக்க விலையைவிட அதிகம்!

ஏன் இப்படி? யென் சரிந்து கிடக்கும்போது உள்ளூர் மக்களால் வாங்கக்கூடிய விலை வைக்க வேண்டும். அந்த விலையைப் பார்த்து வெளிநாட்டு வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவும் கூடாது. மொழியையே வேலியாக வைத்துவிட்டார்கள். சோனியும் 2025 நவம்பரில் அதே வழியில் போனது. ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட டிஜிட்டல் மாடலை 55,000 யென்னுக்கு அங்கே விற்கத் தொடங்கியது.

பெட்டியைத் திறந்து, டிவியில் இணைத்து, திரை முழுக்க ஜப்பானிய எழுத்துகளைப் பார்த்து, அமைப்புகளுக்குள் போய் ஆங்கிலத்தைத் தேடும் பையனின் முகத்தைக் கற்பனை செய்யுங்கள். அங்கே ஆங்கிலம் இருக்காது. எந்த மென்பொருள் புதுப்பிப்பும் அதைக் கொண்டுவராது. ஜப்பானிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வாங்குகிறவரிடம் "பல மொழி மாடல்" என்பதை வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்புங்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அது தேவையில்லை. பிளேஸ்டேஷன் 5, ஸ்விட்ச் சார்ஜர் ஆகியவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். மாறுவது பிளக் மட்டும்தான். பிளேஸ்டேஷனின் பின்புறம் செருகும் வயரின் முனை, எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்தது போல இருக்கும். பழைய டேப் ரெக்கார்டருக்கு இருந்த அதே வயர். தருமபுரியில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் நம் ஊர் பிளக்குடன் கிடைக்கும். ஆட்டம் காணும் கன்வெர்ட்டரை மூன்று துளை சாக்கெட்டில் செருகி, நடு ஆட்டத்தில் அணைந்துபோவதைவிட அந்த வயரை மாற்றிவிடுவது நல்லது.

விளையாட்டு டிஸ்குகளை வெளிநாட்டிலிருந்து வாங்கினால், பிளேஸ்டேஷன் 5-ல் அவை ஓடும். நாட்டுத் தடை இல்லை. ஆனால் அந்த விளையாட்டுக்குப் பின்னால் விற்கும் கூடுதல் பகுதிகள், டிஸ்க் எந்தப் பிராந்தியத்துக்கானதோ அந்தப் பிராந்தியக் கணக்கில் வாங்கினால்தான் வேலை செய்யும். பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது தேர்ந்தெடுக்கும் நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. சொல்லப்போனால் டிஸ்க் விஷயத்தில் நம் நாடுதான் மலிவு. 2021-ல் 69.99 டாலருக்கு, அதாவது 5,100 ரூபாய்க்கு அமெரிக்காவில் வரி இல்லாமல் விற்ற விளையாட்டுக்கு இங்கே வரியோடு 4,999 தான்.

மூன்றாம் படி: பெங்களூரா, சேலமா, உள்ளூரா?

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு. தருமபுரிக்காரருக்குச் சேலம்தான் பக்கம். எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் "மாநிலம் தாண்டினால் வரி குறைவு" என்ற பழைய நம்பிக்கையை அத்திப்பள்ளி சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கமே இறக்கிவைத்துவிடுங்கள். அது வாட் வரிக் காலத்துக் கதை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கன்சோலுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் அது 18 சதவீதமானது. கர்நாடகப் பில்லில் பாதி மத்திய அரசுக்கும் பாதி கர்நாடகத்துக்கும் போகும். நம் ஊர்ப் பில்லில் மறு பாதி தமிழ்நாட்டுக்குப் போகும். உங்கள் பையிலிருந்து போகும் தொகை ஒன்றுதான்.

பெங்களூருக்குப் போவதில் உண்மையான லாபம் வேறு. அங்கே கடைகள் அதிகம், போட்டி அதிகம், இருப்பு அதிகம். எஸ்.பி. ரோடு பக்கம் நாலு கடை ஏறி இறங்கினால் ஒரு கடைக்காரர் தன் பங்கில் ஆயிரம் விட்டுக்கொடுப்பார். பஸ், சாப்பாடு, ஒரு நாள் விடுப்பு எல்லாம் கழித்தால் கிருஷ்ணகிரிக்காரருக்கு அதில் மிச்சம் கொஞ்சம்தான். ஓசூரில் இருப்பவருக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகும்.

பில் இல்லாத நாலாயிரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. சரக்கே கிடைக்காத ஒரு நேரத்தில் பெங்களூரில் ஒரு கடையில் நான் அப்படி வாங்கினேன். பெட்டியில் இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்லை. "அண்ணா, பொருள் புதுசு, ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆனால் நான் இருக்கிறேன்" என்றார் கடைக்காரத் தம்பி. ஒன்பதாம் மாதம் டிவியில் படம் வரவில்லை. பின்புறம் ஹெச்டிஎம்ஐ வயர் செருகும் இடம் தளர்ந்திருந்தது. உத்தரவாதம் கேட்டுப் போன இடத்தில் தொடர் எண்ணைத் தட்டிப் பார்த்து, இது வேறு பிராந்தியத்துச் சரக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் செய்ததில் தவறு சொல்ல முடியாது. பெங்களூருக்குப் போனால், "நான் இருக்கிறேன்" என்று சொன்ன தம்பி இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். வெளியில் கொடுத்துச் சரிசெய்ய நாலாயிரத்துக்கு மேலேயே ஆனது. மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் வட்டியோடு போனது.

உள்ளூர்க் கடைகளைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் டிவி, ஃபிரிட்ஜ் விற்கும் பெரிய கடைகளில் கன்சோல் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். "அண்ணா, நிறுவனம் இந்த வாரம் விலை குறைத்திருக்கிறது, அந்த விலைக்கே வேண்டும். நிறுவன விநியோகஸ்தர் சரக்காக இருக்க வேண்டும், ஜிஎஸ்டி பில் வேண்டும்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். நிறுவனமே அறிவித்த சலுகை என்றால் கடைக்காரருக்குத் தன் பாக்கெட்டிலிருந்து போவதில்லை, அதனால் தயங்க மாட்டார். அதே கடையில் டிவி வாங்கியவர் என்றால் இன்னும் சுலபம்.

நான்காம் படி: பெட்டியைப் படியுங்கள்

கையில் எடுத்ததும் படத்தைப் பார்க்காதீர்கள். பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் பாருங்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையும், புகார் தெரிவிக்கும் எண்ணும் அதில் இருக்க வேண்டும். இந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி முறைப்படி இறக்குமதியாகி வந்ததல்ல. சிலவற்றில் ஒரு ஸ்டிக்கரின் மேல் இன்னொன்று ஒட்டி விலையை மட்டும் மாற்றியிருப்பார்கள். விரல் நகத்தால் ஓரத்தை லேசாகத் தடவினாலே இரட்டைத் தடிப்புத் தெரியும்.

பிளேஸ்டேஷன் 5 என்றால் மாடல் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். சி.எஃப்.ஐ என்ற எழுத்துகளுக்குப் பின் நான்கு இலக்கங்கள் வரும். கடைசி இரண்டு பிராந்தியத்தைச் சொல்பவை. இந்தியாவுக்கு வந்தவை 1008, 1208, 2008 என்று 08-ல் முடிந்தன. 00 ஜப்பான், 15 அமெரிக்கா, 16 ஐரோப்பா, 18 சிங்கப்பூர் போன்ற ஆசிய நாடுகள். கடைக்காரர் "இந்தியா பீஸ்தான்" என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த இரண்டு இலக்கங்கள் சொல்வதை நம்புங்கள்.

அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் அது குற்றம். தட்டுப்பாடு இருந்தாலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஐந்தாம் படி: எப்போது வாங்குவது?

"கொஞ்சம் பொறு, விலை இறங்கும்" என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் நிரந்தர ஆலோசனை. கன்சோல் வரலாற்றில் அது சில முறை அபாரமாகப் பலித்திருக்கிறது. எப்போது பலித்தது என்பதில்தான் சூட்சுமம்.

முதல் எக்ஸ்பாக்ஸ் ஐரோப்பாவில் 2002 மார்ச் 14 அன்று வந்தது. பிரிட்டனில் 299 பவுண்டு. விற்பனை மந்தம். ஏப்ரல் 26 அன்று 199 பவுண்டாக்கிவிட்டார்கள். ஆறு வாரத்தில் நூறு பவுண்டு! முதலில் வாங்கியவர்கள் கொந்தளிக்காமலிருக்க இரண்டு விளையாட்டுகளும் ஒரு கன்ட்ரோலரும் இலவசமாகத் தந்தார்கள். நிண்டெண்டோ 3டிஎஸ் 2011 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. ஆகஸ்ட் 12 அன்று 169.99 ஆனது. முந்தி வாங்கியவர்களுக்கு இருபது பழைய விளையாட்டுகள் ஈடாகக் கிடைத்தன. 2013 நவம்பரில் 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், ஏழே மாதத்தில், கினெக்ட் கேமராவைக் கழற்றிவிட்டு 399 ஆனது. இந்தியாவுக்கு அது 2014 செப்டம்பர் 23 அன்றுதான் வந்தது. வரும்போதே கேமரா இல்லாத மாடலும் 39,990 ரூபாய்க்கு இருந்தது. தாமதமாக வந்ததில் நமக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. பொருள் போகவில்லை. போகாத பொருளுக்குத்தான் சீக்கிரத் தள்ளுபடி. வாசலில் வரிசை நிற்கும்போது யாரும் விலையைக் குறைப்பதில்லை. பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரத்தில் ஓசூர் ரோஜாவை யாராவது மலிவாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறோமா?

பிளேஸ்டேஷன் 5 அந்த மாதிரிதான். வந்த நாளிலிருந்து தட்டுப்பாடு. பொறுத்திருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? 2022 ஆகஸ்டில் ஐரோப்பா, பிரிட்டன், ஜப்பான் எனப் பல சந்தைகளில் விலையைக் கூட்டினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் இந்தியாவில் 54,990. பிறகு 2023 ஜூலையில் 7,500 ரூபாய் தள்ளுபடி வந்து 47,490-க்குக் கிடைத்தது. 2021 பிப்ரவரியில் முதல் நாளே வாங்கியவரைவிட, இரண்டரை ஆண்டு காத்திருந்தவர் மிச்சப்படுத்தியது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்த இரண்டரை ஆண்டு அவர் விளையாடவில்லை. இந்தத் தலைமுறைக் கன்சோல்கள் வயதாக ஆக மலிவதற்குப் பதில் விலை ஏறின. எக்ஸ்பாக்ஸும் அப்படியே. அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்த சீரிஸ் எக்ஸ், 2025 அக்டோபரில் 649.99 டாலர்.

ஆகவே என் யோசனை இதுதான். புதுக் கன்சோல் வந்து முதல் ஆறு மாதத்தில் கடைகளில் தாராளமாக அடுக்கியிருந்தால் பொறுங்கள், குறையும் வாய்ப்பு உண்டு. கிடைக்கவே கிடைக்காமல் இருந்தால், அச்சிட்ட விலைக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே வாங்கிவிடுங்கள்.

2023 தள்ளுபடிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த அக்டோபரில் மெலிந்த புது மாடலை சோனி அறிவித்தது. இந்தியாவுக்கு அது 2024 ஏப்ரல் 5 அன்று 54,990-க்கு வந்தது. பெரிய தள்ளுபடி ஒன்று நிறுவனத்திடமிருந்தே வந்தால், கிடங்கில் பழைய மாடலைக் காலி செய்கிறார்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் பயந்து ஓட வேண்டாம். பழைய மாடலிலும் அதே விளையாட்டுகள்தான் ஓடும். இடம் கொஞ்சம் அதிகம் அடைக்கும், அவ்வளவுதான். நானாக இருந்தால் தயங்காமல் பழையதை வாங்குவேன்.

எந்தத் தள்ளுபடி யாருடையது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரே நாளில், ஒரே தொகை, எல்லா இணையதளங்களிலும் கடைகளிலும் குறைந்திருந்தால் அது நிறுவனத்துடையது. அதற்காக எங்கும் அலைய வேண்டாம், உள்ளூரிலேயே கேளுங்கள். ஒரே ஒரு தளத்தில் மட்டும் குறைந்திருந்தால் அது அந்தத் தளத்தின் பண்டிகைச் சலுகை அல்லது வங்கிச் சலுகை. குடியரசு தினத்தை ஒட்டி ஒன்று, ஆயுத பூஜை தீபாவளிக்கு முன் பெரியது ஒன்று வரும். மே கடைசியில் தொடங்கி ஜூன் வரை சோனியின் 'டேஸ் ஆஃப் பிளே' சலுகை உலகம் முழுக்க வரும். மாங்காய்ப் பணம் கைக்கு வரும் நேரமும் அதுதான் என்பது கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வசதி. ஆடித் தள்ளுபடியை எதிர்பார்க்க வேண்டாம். அது புடவைக்கும் மிக்ஸிக்கும்தான்.

ஆறாம் படி: வட்டியில்லாத் தவணையும் கட்டாயக் கூட்டுப் பொதியும்

54,990 ரூபாயை ஆறு மாத வட்டியில்லாத் தவணையில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 9,165. பார்த்தால் கூடுதலாக ஒன்றுமில்லை. உள்ளே நடப்பது வேறு. வங்கி ஆண்டுக்கு 15 சதவீத வட்டி போடுகிறது என்றால், விற்பவர் முன்கூட்டியே சுமார் 2,330 ரூபாயைக் கழித்து, வங்கி அதையே வட்டியாக வாங்கிக்கொள்கிறது. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்களுடையது: சுமார் 420 ரூபாய். பரிசீலனைக் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி, 235. மொத்தம் 650 ரூபாய்க்கு மேல். பெரிய தொகை அல்ல. ஆனால் "ஆயிரம் ரூபாய் குறைவு" என்று ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதில் பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது.

பொருள் தட்டுப்பாடான காலத்தில் கடைகள் கன்சோலைத் தனியாகத் தராமல் ஒரு கன்ட்ரோலர், இரண்டு விளையாட்டுகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும். அதைத் திட்டுவதற்கு முன் கூட்டிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 வந்தபோது தனிக் கன்ட்ரோலர் 5,990. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எப்படியும் வாங்கப் போகிறதுதான். சேர்த்துக் கொடுக்கும் விளையாட்டுகள் யாரும் சீண்டாத பழையவையாக இருந்தால்தான் நஷ்டம்.

டிஸ்கா டிஜிட்டலா என்றால், நம் ஊர்க்காரர்களுக்கு டிஸ்க் மாடலைத்தான் சொல்வேன். முதலில் பத்தாயிரம் அதிகம் என்றாலும், விளையாடி முடித்த டிஸ்கை விற்கலாம், சித்தி மகனுக்குக் கொடுத்து அவனுடையதை வாங்கி ஆடலாம். நூறு ஜிபி விளையாட்டை இறக்க இரவெல்லாம் இணையத்தை ஓடவிடும் கிராமத்து வீட்டில் டிஸ்க் பாதிச் சுமையையாவது குறைக்கும்.

ஏழாம் படி: முன்பதிவும் வீட்டுக்கு வரும் பெட்டியும்

பிளேஸ்டேஷன் 5 முன்பதிவு 2021 ஜனவரி 12 அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து, சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அன்று தோற்றவர்களில் பலர் முகவரி தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள். முன்பதிவு நாளுக்கு முன்பே கணக்குத் தொடங்கி, முகவரியையும் அட்டையையும் சேமித்து வையுங்கள். உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு அந்தத் தளம் அனுப்புகிறதா என்று ஒரு சிறு பொருளைப் போட்டுச் சோதியுங்கள். அரூர், பென்னாகரம், தளி பக்கம் உள்ளவர்களுக்கு "இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது" என்ற வரி கடைசிப் பக்கத்தில்தான் தெரியவரும். ஓசூரிலோ சேலத்திலோ உள்ள உறவினர் முகவரியை இரண்டாவதாகப் பதிந்து வைத்திருந்தால் அந்த நிமிடம் வீணாகாது.

தட்டுப்பாட்டு நாள்களில் சமூக ஊடகத்தில் முளைக்கும் "ஐயாயிரம் முன்பணம், மீதி பொருள் வந்த பின்" கடைகளை நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.

பெட்டி வந்ததும், முத்திரை நாடா தெரியும்படி ஆறு பக்கமும் வீடியோ எடுத்துவிட்டுத் திறங்கள். வெட்டுவதற்கு முன் தூக்கிப் பாருங்கள். கன்சோல் இருக்கிற பெட்டி கையை இழுக்கும். பெட்டியில் உள்ள தொடர் எண்ணும் கன்சோலின் மேல் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கடையில் வாங்கினால் இதை அங்கேயே மேசை மேல் வைத்துச் செய்யுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கடையில் தரும் பில் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் வழவழப்பான தாளில் இருக்கும். பீரோவில் பத்திரமாக வைத்தாலும் சில மாதங்களில் வெளுத்து வெறுந்தாளாகிவிடும். உத்தரவாதமோ ஓராண்டு. வாங்கிய அன்று மாலையே பில்லையும் பெட்டி ஸ்டிக்கரையும் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பெட்டியையும் அந்த ஓராண்டு பரண் மேல் போட்டு வையுங்கள். எலி கடிக்காத பக்கமாக.